வாசனை தெரியாத அடுப்படி

மே 27, செவ்வாய்

காய்ச்சல் ஒருவழியாக விட்டது. உடம்பு இன்னும் துவைத்துப் பிழிந்த துணி மாதிரிதான் இருக்கிறது. இன்று தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். சட்டைக் கழுத்துப் பட்டி இரண்டு கோணலாகப் போய், பிரித்துத் தைத்தேன்.

நான் படுத்திருந்த நாளெல்லாம் மருமகள்தான் சமைத்தாள். குறை சொல்ல முடியாது. ஆனாலும் என் பாத்திரங்கள் இடம் மாறியிருப்பதைப் பார்த்தபோது மனசு சுருக்கென்றது. இத்தனைக்கும் எட்டுகிற இடத்தில்தான் வைத்திருக்கிறாள், அந்த ஆறு மாத வயிற்றோடு.

மாலையில் ரோஷ்னி அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து நின்றாள். சிலிண்டர் வைத்திருக்கும் அலமாரிக் கதவு திறந்திருந்தது.

"அத்தை, காஸ் வாசனை வருது."

"வரலையே."

"லேசா வருது. இந்தக் கதவைத் திறந்தா நல்லாத் தெரியுது."

நானும் குனிந்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. என் மகன் இசிகேலி வயிற்றில் இருந்தபோது எனக்குச் சோப்பைக் கண்டாலே குமட்டும், உனக்கு இது போல என்றேன். சிரித்தாள். ஆனால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் போனாள்.

மே 30, வெள்ளி

ரோஷ்னி என் தையல் ஊசியை எடுத்துப் பர்னர் ஓட்டைகளைக் குத்திக்கொண்டிருக்கிறாள். தீ மஞ்சளாக எரிகிறதாம், நீலமாக எரியணுமாம். கேட்டுவிட்டு எடுக்கக் கூடாதா?

ஜூன் 1, ஞாயிறு

சர்ச்சில் விருந்து. மீனுக்கு ஊற்றத் தேங்காய்ப்பால் பிழிந்து வைத்திருந்தார்கள். லவேனியா வழக்கம்போல் பாத்திரத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "மேரே, உன் மூக்கு சரின்னு சொல்லாம ஊத்த மாட்டோம்." இத்தனை வருஷமாக எனக்கு இருக்கிற மரியாதை அது ஒன்றுதான். முகர்ந்தேன். சரி, ஊற்று என்றேன்.

பால் கெட்டிருந்தது. வாயில் வைத்தவர்கள் எல்லாரும் தட்டை ஒதுக்கினார்கள்.

"காய்ச்சல் உன் மூக்கையும் தின்னுடுச்சா?" என்றாள் லவேனியா. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பேச்சை மாற்ற வேண்டுமே — நாங்கள் எல்லாம் இந்தத் தீவுக்காரர்கள்; இந்திய வம்சத்து மருமகளைப் பற்றி ஆரம்பித்தேன். "எங்க வீட்ல தீயைப் பெருசா வச்சுச் சமைக்கிற ஆள் வந்தாச்சு. இந்தியப் பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான் போல. அதுக்கு மேல, காஸ் நாறுது காஸ் நாறுதுன்னு நாள் முழுக்கப் புலம்பல்." அதற்கும் நன்றாகச் சிரித்தார்கள்.

ரோஷ்னி தீயைப் பெரிதாக வைப்பதில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 6, வெள்ளி

ஒரு தேநீர் போடணும் என்றால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அலமாரியைத் திறந்து, வால்வைத் திருகித் திறக்கணும். ஒவ்வொரு தடவையும். சமைத்து முடித்ததும் அவள் போய் மூடிவிடுகிறாள். நான் சமைத்தாலும் அவள்தான் வந்து மூடுகிறாள். இன்று பொறுக்க முடியவில்லை.

"ரோஷ்னி, அடுப்புல குமிழை மூடினாப் போதாதா? கீழேயும் எதுக்கு மூடுற?"

"குழாய் பழசாயிடுச்சு அத்தை. வளையற இடத்துல கீறல் விட்டிருக்கு. மாத்தற வரைக்கும் மூடி வச்சா நல்லதுதானே."

"ஊரையே புரட்டிப் போட்ட அந்தப் புயலுக்கு முன்னாடி வாங்கின குழாய் அது. புயலே ஒண்ணும் பண்ணலை அதை."

"அதனாலதான் சொல்றேன், பழசு."

"இந்த வீட்ல இத்தனை வருஷமா நான் சமைக்கிறேன். இனிமே அந்த வால்வைத் தொடாதே."

அவள் பாத்திரம் துலக்கப் போனாள். ஆனால் தொடாமல் இல்லை. சாயங்காலம் பார்த்தால் மூடியிருந்தது.

கல்மேடையில் பதித்த நாலு பர்னர் அடுப்பை இசிதான் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிப் போட்டான். அடுப்பு புதிது, குழாய் பழையது. அப்போதே மாற்றலாம் என்றான். நல்லாத்தானே இருக்கு என்று சொன்னதும் நான்தான்.

ஜூன் 12, வியாழன்

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "மில் ஓட ஆரம்பிச்சாச்சு. இனி நவம்பர் வரைக்கும் இந்த வாசனைதான்" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். சர்க்கரை ஆலையின் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. கொடியில் காயப் போட்ட துணியில் கரும்புச் சாம்பல் இரண்டு நாளாக விழுகிறது, அதையும் உதறித்தான் மடித்தேன். ஆனால் வாசனை?

பிறந்ததிலிருந்து இந்த லௌடோகா ஊரில்தான் இருக்கிறேன். அந்தப் பாகு வாசனை வந்தால்தான் எனக்கு ஜூன் மாதம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வினிகரை முகர்ந்தேன். வெங்காயத்தைக் கசக்கி முகர்ந்தேன். மண்ணெண்ணெய். எலுமிச்சை இலை. வீட்டுக்காரர் அபெனிசாவின் வேலைச் சட்டை, நாள் முழுக்கப் போட்டுக் கழற்றியது.

எதுவும் இல்லை. தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிடலாம். என்ன ஆகிவிடும்? அபெனிசா ஒன்றும் சொல்ல மாட்டார். இசி டாக்டரிடம் கூட்டிப்போவான். லவேனியா இனி பாத்திரத்தை வேறு யாருக்காவது நீட்டுவாள்.

ரோஷ்னியிடமும் சொல்லணும். அவள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்று.

நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லவில்லை. தேங்காய்ப்பால் கெட்டதா என்று முகரத் தெரியாத மாமியார் எதற்கு என்று நினைத்துவிடுவாளோ? சீ, அவள் அப்படி நினைக்கிறவள் இல்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது.

ஜூன் 21, சனி

இன்றைக்கே எழுதிவிடணும்.

காலையில் கஞ்சி வைக்க வால்வைத் திறந்தேன். வைத்து முடித்து, அடுப்பின் குமிழை மூடினேன். வால்வை மூடவில்லை. மறந்தேன் என்று எழுதப் போனேன். மறக்கவில்லை. அவள் மூடுவாள், மூடட்டும், நான் குனிய மாட்டேன் என்று வேண்டுமென்றே விட்டேன். அவளுக்கு இன்று தலைசுற்றல், படுத்துவிட்டாள் — எனக்குத் தெரியும், தெரிந்துதான் இருந்தது. மழைச்சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்தியிருந்தேன்.

மதியம் மரவள்ளி வேகவைக்கலாம் என்று பாத்திரத்தை அடுப்பில் வைத்து லைட்டரை எடுத்தேன். ரோஷ்னி எழுந்து வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"அத்தை, பத்த வைக்காதீங்க. ரொம்ப நாறுது. ஜன்னலத் திறங்க."

எனக்குக் கோபம் வந்தது. அந்த நிமிஷத்திலும் கோபம்தான் வந்தது. அவள் என்னைத் தாண்டி, அலமாரியைத் திறந்து, குனிந்து வால்வைப் பிடித்தாள். நான் குமிழைத் திருகி லைட்டரை அழுத்தினேன்.

பெரிய சத்தம்கூட இல்லை. ஈரப் போர்வையை உதறினால் வருமே, அப்படி. அலமாரிக்குள்ளிருந்து தீ வெளியே வந்து போனது. அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிருந்தது.

ஆனால் வால்வை மூடிவிட்டாள். மூடிவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

அபெனிசா ஓடி வந்து ஈரத்துண்டைப் போட்டு அலமாரியில் எரிந்ததை அணைத்தார். சிலிண்டரை வெளியே இழுத்துப் போட்டார். ரோஷ்னியின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

அபெனிசா சொன்னார்: "பொண்ணு குமிழைச் சரியா மூடலை போல. தலைசுத்தல்னு இருந்தா, பாவம்."

ரோஷ்னி அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ரோஷ்னி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லையாம். ஆண்டவரே.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ரோஷ்னியை அவளுடைய அம்மா ராஜ்மதி, பா என்கிற தங்கள் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டாள். பிரசவம் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்றாள். சண்டை போடவில்லை. ஒரே ஒரு வார்த்தை.

"எங்க வீட்லயும் காஸ்லதான் சமைக்கிறோம் சம்பந்தி. சின்ன வயசுலேருந்து அடுப்படி வேலை முடிஞ்சா வால்வை மூடிட்டுத்தான் வருவா. குமிழைத் திறந்து போட்டான்னு சொல்றீங்களே, அதுதான் எனக்குப் புரியலை."

எனக்குப் புரியும். ரோஷ்னியின் பையைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

இசிகேலி துறைமுக வேலைக்கு லீவு போட்டுவிட்டு அடுப்படியைச் சரிசெய்தான். சிலிண்டர் இனி வெளியே, சுவரை ஒட்டி, நிழலில். காஸ் கடைக்காரர் வந்து புதுக் குழாய் மாட்டினார். இசி சோப்புத் தண்ணீரைக் குழைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தான். எதுவும் வரவில்லை.

கழற்றிய பழைய குழாயை வளைத்துப் பிடித்தான். கீறல் வாயைத் திறந்தது.

"அம்மா, ரோஷ்னி இந்தக் குழாயைப் பத்தி உன்கிட்ட சொன்னாளா?"

"என்னமோ சொன்ன மாதிரி ஞாபகம்" என்றேன்.

என்னமோ சொன்ன மாதிரி. எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்.

அவன் குழாயைச் சுருட்டி வெளியே எடுத்துப் போனான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியுமோ? தெரிந்தால் தேவலை என்றும் இருக்கிறது. நானாகச் சொல்ல வேண்டாமே.

ஜூன் 29, ஞாயிறு

சர்ச் முடிந்து வாசலில் லவேனியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேள்விப்பட்டோம் மேரே. நல்லவேளை, உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. இந்தியப் பொண்ணுங்க தீயைப் பெருசா வச்சுத்தான் சமைப்பாங்க. நீதான் அப்பவே சொன்னியே."

நீதான் அப்பவே சொன்னியே.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"அபெனி, ரோஷ்னி குமிழைத் திறந்து போடலை. குழாய் ஒழுகிச்சு. வால்வைத் திறந்தே விட்டது நான். எனக்கு வாசனை தெரியலை."

"எப்பலேருந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"அப்ப, நான் அத்தனை பேர் முன்னாடி அவளைச் சொன்னப்ப…"

"பக்கத்துலதான் நின்னேன்."

பாலத்துச் சுவரில் உட்கார்ந்தார். கழுத்து டையைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "என் வாயாலயும் சொல்ல வச்சுட்டியே மேரே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 2, புதன்

இசியிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டை நகர்த்தவில்லை, சாப்பிடவும் இல்லை.

"நான் அவளக் கேட்டேம்மா. ஆஸ்பத்திரில வச்சே கேட்டேன், கையில கட்டுப் போட்டுட்டு இருக்கும்போது. 'நிஜமாச் சொல்லு, குமிழை மூடினியா'ன்னு."

"அவ என்ன சொன்னா?"

"உங்கம்மாவக் கேளுன்னா. நான் உன்னைக் கேக்கவே இல்ல. உனக்கு வேற ஏதாவது தெரிஞ்சிருந்தா நீயே சொல்லியிருப்பேன்னு நெனச்சுட்டேன்."

இதைவிட என்னை யாரும் அடிக்க முடியாது. எம்புள்ள நம்புனான். நான் வாயில துணிய வச்சு அடைச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

ஜூலை 5, சனி

பாவுக்குப் போய்வந்தோம். எங்கள் முறைப்படி மன்னிப்புக் கேட்க யாங்கோனா வேர்க்கட்டு எடுத்துப் போனோம். அபெனிசா பாயில் மண்டியிட்டு அதை ரோஷ்னியின் அப்பா ஜக்தேவ் முன்னால் வைத்தார். தலையைக் குனிந்தபடி, "எங்க வீட்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க பொண்ணு மேல பழி விழுந்துச்சு. எங்க முகம் உங்க முன்னாடி தாழ்ந்திருக்கு" என்றார். ஜக்தேவ் வேர்க்கட்டைத் தொட்டு எடுத்துக்கொண்டார். "பொண்ணு நல்லா இருக்கா, வயித்துல இருக்கறதும் நல்லா இருக்கு. உக்காருங்க" என்றார். வேரை இடித்துக் கரைத்துக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

யாருடைய தப்பு என்று சடங்கில் யாரும் கேட்பதில்லை. 'எங்க வீட்ல' என்ற சொல்லுக்குள் நான் வசதியாக ஒளிந்துகொள்ளலாம். ஒரு நிமிஷம் அப்படியே ஒளிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனேன். ராஜ்மதி ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். ரோஷ்னி முக்காலியில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

"தப்பு என்னுது ரோஷ்னி. வால்வை வேணும்னே மூடாம விட்டேன். எனக்கு மூக்கு போயிடுச்சு, அது அன்னிக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். மறச்சேன்."

ராஜ்மதியின் கை நின்றது.

"எனக்கும் தெரியும் அத்தை" என்றாள் ரோஷ்னி.

"என்ன தெரியும்?"

"உங்களுக்கு வாசனை தெரியலைன்னு. பூனை ஒரு மீன்தலையைக் கொண்டுவந்து உங்க தையல் மெஷினுக்குப் பின்னாடி போட்டிருந்துச்சு. வீடே நாறுது. நீங்க அதுக்குப் பக்கத்துல உக்காந்து பாடிக்கிட்டே தைக்கிறீங்க. நான்தான் எடுத்துப் போட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீங்க வருத்தப்படுவீங்க. நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். அதுவரைக்கும் வால்வை மூடி வச்சுப் பாத்துப்போம்னு நெனச்சேன்."

நான் தொடாதே என்று கத்தியது எதை என்று இப்போதுதான் புரிந்தது. அவள் என் அடுப்படியைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் வந்து, என் மானம் போகாமல், ஒவ்வொரு நாளும் மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சுடும்மா."

அவள் கட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "கை சரியாயிடும். மாமா என்னைச் சொன்னப்ப நான் உங்களத்தான் பாத்தேன். அது இன்னும் போகலை அத்தை. பொய் சொல்ல மாட்டேன்."

ராஜ்மதி ஒரு தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "ரொட்டி ஆறுது. சாப்பிடுங்க சம்பந்தி."

சாப்பிட்டேன். வாசனை இல்லாவிட்டால் ருசியும் பாதிதான். அது நியாயமாகவே பட்டது.

ஜூலை 8, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்றார். காஸ் கசிந்தால் கத்துகிற ஒரு சின்னப் பெட்டியை இசி அடுப்படியில் தரைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். இந்தக் காஸ் கனமாம், கீழேதான் தங்குமாம். அது கத்தினால் விளக்கு சுவிட்சைத் தொடாதே, கதவைத் திற, வெளியே போய் வால்வை மூடு என்று மூன்று தடவை சொல்லவைத்தான். சொன்னேன்.

பர்னர்களைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தித் துடைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்டினேன். நீலமாக எரிகிறது. நான் ஊசிக்காகக் கோபப்பட்ட அன்று அவள் என் அடுப்பை இப்படித்தான் துடைத்திருப்பாள்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் பிறகு பெண்கள் எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். அந்தப் பெண்மேல் தப்பில்லை, நான் அவளைப் பற்றி முன்னால் சொன்னதும் பொய் என்று. லவேனியா, "விடு மேரே, அதெல்லாம் யார் ஞாபகம் வச்சிருக்காங்க" என்றாள்.

வைத்திருக்கிறார்கள். ஒருத்தி என் கண்ணைப் பார்க்காமல் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 19, சனி

பாவுக்குப் போனேன். தனியாக, பஸ்ஸில். அடுப்புப் பக்கம் போனால் ராஜ்மதி வந்து நிற்கிறாள். "நீங்க உக்காருங்க சம்பந்தி, நான் பாத்துக்கறேன்." மரியாதையாகத்தான் சொல்கிறாள். உட்கார்ந்து சேப்பங்கீரை நறுக்கினேன்.

ஆகஸ்ட் 2, சனி

போனேன். வெங்காயம் உரித்தேன். ரோஷ்னியின் கைத் தழும்பு இளஞ்சிவப்பாக இருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவட்டுமா என்று கேட்டேன். தானே தடவிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெண் குழந்தை. இசி போனில் அழுதான். என்னால் அவன் என்ன சொல்கிறான் என்றே பிடிக்க முடியவில்லை, அழுகை மட்டும் கேட்டது.

ஆகஸ்ட் 16, சனி

ரோஷ்னி குழந்தையைக் கையில் கொடுத்தாள். தலையில் முகத்தை வைத்தேன். எல்லாரும் சொல்வார்களே அந்த வாசனை. எனக்கு இளஞ்சூடு மட்டும் தெரிந்தது. வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ரோஷ்னி பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 20, சனி

பாவுக்குப் போயிருந்தேன். ராஜ்மதியும் ஜக்தேவும் சந்தைக்குப் போயிருந்தார்கள். இசி வேலையில். குழந்தை தூங்கிவிட்டது. ரோஷ்னி அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

நான் வழக்கம்போல் அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அத்தை, பருப்பு அடுப்புல இருக்கு. பாத்துக்கோங்க. வெந்ததும் அணைச்சுடுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

பருப்பு அடிபிடித்தால் எனக்குத் தெரியாது. தீ அணைந்து காஸ் வெளியே வந்தாலும் தெரியாது. அதனால் அடுப்பை விட்டு நகரவே இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். நுரை பொங்கும்போது மூடியை ஒதுக்கினேன். தீயையும் பருப்பையும் மாறி மாறிக் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றேன். வெந்ததும் குமிழை மூடினேன், வெளியே, சிலிண்டர் இருக்கிற இடத்துக்குப் போய் வால்வை மூடினேன், திரும்பி வந்து இன்னொரு தடவை குமிழைத் தொட்டுப் பார்த்தேன்.

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தலைக்குக் குளிக்கிறாள் போல. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. அவசரப்படாமல் குளித்தாள்.